அடுப்படி சன்னல்

சன்னல் பாக்கத்தானே வந்தீங்க? வாங்க, உள்ள வாங்க. கம்பெனிக்காரன் போன் பண்ணிச் சொன்னான், ஒருத்தர் வருவாரு, பழைய வீட்டைப் புதுப்பிச்சுக்கிட்டு இருக்காரு, உங்க வீட்டைக் காட்டுங்கன்னு. யாராச்சும் கேட்டா எங்க வீட்டைத்தான் கை காட்டி விடுறான். நான் என்ன அவன்கிட்ட சம்பளத்துக்கா இருக்கேன்? இருந்தாலும் காட்டுவேன். நல்ல பொருளை நாலு பேருக்குக் காட்டுறதுல என்ன குறைஞ்சிரப் போகுது. உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

காபி நானே போட்டுத் தர்றேன். இப்பப் பழகிட்டேன். வீட்டுல அவ இல்ல. ஊருக்கெல்லாம் போகல, பின் தெருவுல ஒரு வீட்டுல இருக்கா. காலையில எனக்குச் சமைச்சு மூடி வச்சிட்டுப் போனா பொழுது சாயத்தான் வருவா. அது ஒரு கதை. அதை விடுங்க, நீங்க சன்னல் பாக்க வந்தவரு.

இந்தா, இதுதான் ஹால் சன்னல். ஒத்தை விரலால தள்ளுங்க. சும்மா தள்ளுங்க, ஒண்ணும் ஆகாது. பாத்தீங்களா? என் பேரன் வந்தா நாள் பூரா இதைத்தான் தள்ளித் தள்ளி விளையாடுவான். இது கொசுவலை. வேணும்னா இழுத்துக்கலாம், வேணாம்னா ஒதுக்கிக்கலாம்.

முந்தி இருந்தது எங்க அப்பா காலத்து சன்னல். வேங்கை மரம். மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலு கதவு, நடுவுல இரும்புக் கம்பி. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஐப்பசி மழைக்கு கதவு ஊதிக்கும், சாத்த முடியாது. சித்திரை வெயிலுக்குச் சுருங்கிக்கும், சாத்துனாலும் நடுவுல வெளிச்சம் தெரியும். கொக்கி மாட்டணும்னா முதல்ல ஒரு குத்து குத்தணும். கீழ்க்கட்டையில கரையான். கடைசி காலத்துல அது மரத்தால நிக்கல, பெயிண்டாலதான் நின்னுச்சு. பழைய மரக்கடைக்காரன் வந்து பாத்துட்டு, கம்பியை மட்டும் எடுத்துக்கிறேன்னான். மரத்தை அடுப்புக்கு வேணும்னு ஒரு டீக்கடைக்காரரு வாங்கிட்டுப் போனாரு.

எனக்குச் சத்தம் ஆகாது தம்பி. சர்வீஸ் பூரா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஹாரன், விசில், நத்தம் நத்தம் நத்தம், வத்தலக்குண்டு வத்தலக்குண்டுன்னு ஒருத்தன் மாத்தி ஒருத்தன் கத்து. கண்டக்டர் என்கிட்ட சண்டை, டிரைவர் கண்டக்டர்கிட்ட சண்டை. ரிட்டையர் ஆனா வீட்டுல நிம்மதியா உக்காந்து பேப்பர் படிக்கணும்னு நெனச்சேன். அது ஒரு தப்பா? யாராச்சும் சொல்லட்டும், தப்புன்னு.

பெட்ரூம்லயும் இதே மாதிரிதான், பெரிய சைஸ். வாங்க பாருங்க. இங்க சாத்துங்க. இப்பப் பேசாம நில்லுங்க. தெருவுல ஆட்டோ போகுது, கண்ணால தெரியுதுல்ல? காதுக்கு வருதா? அவ்வளவுதான். அந்த ஓரம் பூரா ரப்பர். செவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல நுரை மாதிரி ஒண்ணை அடிச்சு விடுவாங்க, அது உப்பிக்கிட்டு இறுகிப் போயிரும். எறும்பு நுழையாது. அந்த வேலையைக் கூட நின்னு பாக்கணும் தம்பி, விட்டா அரைகுறையா அடிச்சிட்டுப் போயிருவாங்க.

அடுப்படியா? அடுப்படி சன்னல் சின்னது. அதுல பாக்க ஒண்ணும் இல்ல. என்ன, உங்க வீட்டம்மா அதைத்தான் முக்கியமா பாத்துட்டு வரச் சொன்னாங்களா? ம். பொம்பளைங்க அதைத்தான் கேப்பாங்க. சரி வாங்க. குனிஞ்சு வாங்க, நிலை தாழ்வு.

இதுதான். தள்ளாதீங்க, இது நகராது. இது தொறக்காத சன்னல். கண்ணாடியைப் பாத்தீங்களா, பாத்ரூமுக்குப் போடுற மங்கல் கண்ணாடி. வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. ஆள் நின்னா நிழல் மாதிரி ஒண்ணு தெரியும், அம்புட்டுத்தான். காத்துக்கு மேல ஃபேன் வச்சிருக்கு. அடுப்புப் புகையை இழுத்து மாடிக்குக் கொண்டு போய் வெளிய தள்ளிரும். ஏன் தொறக்காத சன்னல்னு கேக்குறீங்க. எல்லாரும்தான் கேக்குறாங்க. தூசி தம்பி. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. பல்லி வேற வரும். வேற ஒரு காரணமும் இல்ல.

அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்துன்னா ஆள் போற சந்து இல்ல, மழைத் தண்ணி போக விட்டது, பூனை போகும். அதைத் தாண்டுனா செய்னம்பு பீவி வீட்டு அடுப்படி. அவங்க வாசல் பின் தெருவுல இருக்கு. நம்ம வாசல்ல இருந்து போகணும்னா பள்ளிவாசல் முக்கு வரைக்கும் போய் சுத்திட்டுத்தான் போகணும். ஆனா அடுப்படிக்கு அடுப்படி மூஞ்சிக்கு மூஞ்சி. இங்கிருந்து கையை நீட்டுனா அங்கிருந்து கரண்டியை வாங்கலாம். வாங்குனாங்க. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து என் சம்சாரம் வாங்கிக்கிட்டுத்தான் இருந்தா. ஜெயக்கொடின்னு பேரு அவளுக்கு. அந்தம்மா ஜெயான்னு கூப்பிடுவாங்க, இவ அக்காம்பா.

இங்க அடுப்பு பத்த வச்சா அங்க பேச்சு ஆரம்பம். என்ன பேசுவாங்க? ஒண்ணும் இருக்காது. இன்னைக்கு என்ன கொழம்பு, வெங்காயம் அழுகலா குடுத்துட்டான், மேலத்தெரு பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறாங்க, தண்ணி எப்ப வரும். ஒருத்தர் தேங்காய் திருவிக்கிட்டே பேசுவாங்க, ஒருத்தர் அரிசி களைஞ்சுக்கிட்டே பேசுவாங்க. நான் ஹால்ல பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு தலையங்கம் முழுசாப் படிச்சிருப்பனா, சொல்லுங்க.

இதுல இன்னொண்ணு. ஜெயக்கொடிக்கு முருகன்னா உயிர். சஷ்டி, கார்த்திகைன்னா பச்சைத் தண்ணி பல்லுல படாது. ஆனா எனக்குச் சமைக்கணும்ல? சமைப்பா, உப்புப் பாக்க மாட்டா. ஒரு கரண்டி கொழம்பைக் கம்பி வழியா அந்தப் பக்கம் நீட்டுவா. அந்தம்மா உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்துட்டு, ஜெயா இன்னும் ஒரு கல் போடும்பாங்க. ரம்ஜான் மாசம் வந்தா அப்படியே திரும்பும். அவங்களுக்குப் பள்ளிவாசல்ல ஊத்துற கஞ்சி ஆகாது, சாயங்காலம் வீட்டுலயே காய்ச்சுவாங்க. நோன்பு, நாக்குல வைக்க மாட்டாங்க. கரண்டி இந்தப் பக்கம் வரும். இவ குடிச்சுப் பாத்துச் சொல்லுவா. அவங்க கஞ்சிக்கு இவ நாக்கு, இவ கொழம்புக்கு அவங்க நாக்கு. எனக்கு அது புடிக்கல தம்பி. நான் திங்கிற கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு அடுத்த வீட்டுல கேட்டுட்டுத்தான் எனக்கு வரணுமா? ஆனா பொய் சொல்லக்கூடாது, உப்பு சரியா இருக்கும்.

என் மக திருப்பூர்ல இருக்கா, பிருந்தா. மூத்தவன் பொறந்து இடைவெளி விட்டு ரெண்டாவது தங்குச்சு. எல்லாரும் சந்தோசமா இருந்தோம். ஒரு நாள் நான் கடைவீதி வழியா வர்றேன். செய்னம்பு பீவி மகன் சிக்கந்தரு அங்க பழக்கடை வச்சிருக்கான். நல்ல பிள்ளை, என்னை மாமாம்பான். கூப்பிட்டு ஒரு பையைக் குடுக்குறான், உள்ள மாதுளம்பழம். "பிருந்தா அக்காவுக்கு உடம்பு தேவலையா மாமா? அம்மா இதைக் குடுத்து விடச் சொன்னாங்க, ரத்தம் ஊறும்னு." என்னடா உடம்புக்குன்னு கேக்குறேன். அவன் மூஞ்சி மாறிருச்சு. ஒண்ணும் இல்ல மாமான்னு தராசைத் துடைக்கிறான்.

வயித்துல இருந்தது தங்காமப் போயிருச்சு தம்பி. போய் ஒரு வாரம் ஆச்சு. பெத்தவன் எனக்குத் தெரியாது. பழக்கடைக்குத் தெரியுது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கத்துனேன்னு அவ சொல்லுவா. கத்தல, கேட்டேன். என் குரல் அப்படி, பஸ் ஸ்டாண்டு குரல். அவ அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, "உங்ககிட்ட சொன்னா மாப்பிள்ளைக்குப் போன் போட்டு சத்தம் போடுவீங்க. அவ கொஞ்சம் ஆறட்டும்னு இருந்தேன்"னா. நான் அப்பவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, என்னய்யா இது, பெத்தவனுக்குச் சொல்ற வழக்கம் கிடையாதான்னு சத்தம் போட்டேன். மனசு விட்டுப் போச்சு தம்பி. என் வீட்டுச் செய்தி எனக்கு வர்றதுக்கு முந்தி ஒரு சன்னல் வழியா வெளிய போயிருக்கு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல நான்.

சன்னல் மாத்துனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பேச்சு வந்துச்சு, சொன்னேன்.

அதுக்குப் பொறகு கொஞ்ச நாள்லதான் வீட்டு வேலை ஆரம்பிச்சேன். தரைக்கு டைல்ஸ், செவத்துக்குப் பட்டிப் பூச்சு, கூடவே சன்னல். அளவெடுக்க வந்த இன்ஜினியர் அடுப்படிக்கும் தள்ளுற மாதிரிதான் எழுதுனாரு. நான்தான் வேணாம், இது மூடியே இருக்கட்டும், கண்ணாடி மங்கலா இருக்கட்டும்னேன். "காத்து வேணுமே சார்"னாரு. ஃபேன் போடுங்கன்னேன். ஜெயக்கொடி வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. "கொஞ்சமாச்சும் தொறக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க"ன்னா. தூசின்னேன். திருப்பி ஒரு வார்த்தை பேசல. அவ வேணாம்னு சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா? சொல்லணும்ல? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்.

மாட்டுன அன்னைக்கு நான் இங்கதான் நின்னேன். கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு, பழைய சட்டம் அப்படியே கையோட வந்துருச்சு. செவத்துல ஒரு ஓட்டை. கம்பி இல்ல, கதவு இல்ல, அந்தப் பக்கம் செய்னம்பு பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு நிக்கிறாங்க. வேலைக்காரங்களுக்கு டீ போட்டு அந்த ஓட்டை வழியாவே நீட்டுறாங்க. இவ வாங்கிக் குடுக்குறா. ரெண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டாங்க, கம்பி இல்லாம உன் மூஞ்சி பெருசா இருக்குன்னோ என்னவோ. பொறகு அந்தம்மா என்னைப் பாத்துக் கேட்டாங்க. எங்கிட்ட நேராப் பேசுறது கம்மி. "அண்ணே, இது தொறக்குமாண்ணே?" இல்லம்மா, இப்ப எல்லாம் இப்படித்தான் வருதுன்னேன். கண்ணாடியைப் பாத்துட்டு, "நல்லதுண்ணே, வெளிச்சம் நல்லா வரும்"னாங்க. கேட்டீங்கள்ல? அவங்க வாயாலயே நல்லதுன்னு சொல்லிட்டாங்க.

இவளுக்குப் போன் வாங்கிக் குடுத்தேன். பேசணும்னா இதுல பேசிக்கன்னேன். "போன்ல உப்புத் தெரியுமா"ன்னு கேட்டா. கையில மாவு, எண்ணெய், அடுப்புல பால், எங்கிட்டுப் போனைப் புடிக்கிறதும்பா. அடுப்பை விட்டுட்டு தெருவைச் சுத்திப் போகவும் முடியாதுல்ல. ஒரு நாள் பேசுனா, ரெண்டு நாள் பேசுனா, பொறகு அது அலமாரியில சார்ஜ் இல்லாமக் கெடந்துச்சு. சஷ்டி அன்னைக்குக் கொழம்பு ஒரே உப்புக் கரிப்பு. தட்டை மட்டும் தள்ளி வச்சேன்.

முதல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிச்சேன். பொறகு ஒரு மாதிரி ஆயிப் போச்சு. எப்படிச் சொல்றது. அவ எங்கிட்ட நேரா எதையும் சொன்னதே கிடையாது தம்பி. அக்கா, காலையில எந்திரிக்கவே முடியல, முட்டி புடிச்சுக்கிருச்சுன்னு அங்க சொல்லுவா. நான் ஹால்ல உக்காந்து காதுல வாங்கிக்குவேன். சாயங்காலம் தைலம் வாங்கிட்டு வந்து டிவி மேல வச்சிருவேன். எடுத்துக்குவா. எதுக்கு வாங்குனீங்கன்னு கேக்க மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். காஸ் தீரப் போகுது, தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு என்ன செய்யணும், எந்தச் சேலை கிழிஞ்சிருச்சு, எல்லாம் அப்படித்தான் எனக்கு வரும். எங்களுக்குள்ள குடித்தனம் அப்படித்தான் நடந்துச்சு. நல்லாத்தான் நடந்துச்சு. இப்ப அவளுக்கு எங்க வலிக்குதுன்னு கூட எனக்குத் தெரியல. கேட்டா, ஒண்ணும் இல்லம்பா. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல அப்படித்தான் ஆயிரும்னு சொல்றாங்க. ரத்தக் கொதிப்பு மாத்திரை வேற மாத்திக் குடுத்திருந்தாங்க, அதனாலயா இருக்கும்.

காபி எப்படி, சர்க்கரை போதுமா? ஊத்துனதைக் குடிச்சிருங்க, ஆறிப் போச்சுன்னா நல்லா இருக்காது.

பொறகு ரம்ஜான் வந்துச்சு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, சாயங்காலம், நோன்பு தொறக்க இன்னும் நேரம் இருக்கு. செய்னம்பு பீவி கஞ்சியை அடுப்புல வச்சிருக்காங்க. வீட்டுல அவங்க மட்டும். சிக்கந்தரு கடையில இருக்கான், அவன் சம்சாரம் தாய் வீட்டுக்குப் போயிருக்கு. இங்க ஜெயக்கொடி, நீங்க இப்ப நிக்கிறீங்களே இதே எடத்துல, எனக்கு உப்புமா கிண்டிக்கிட்டு இருந்தா. நான் ஹால்ல. கண்ணாடியில நிழல் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், பிருந்தாகிட்ட சொல்லியிருக்கா. பொறகு இல்லையாம். தொழுகப் போயிட்டாங்கன்னு நெனச்சிருக்கா. யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பாங்க?

விழுந்து கெடந்திருக்காங்க தம்பி. ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிருச்சு. கூப்பிட்டாங்களோ என்னமோ, தெரியாது. கஞ்சி கொதிச்சு, சுண்டி, அடிப் புடிச்சு, சட்டி கரியாப் போச்சு. அந்தக் கருகுன வாடை பின் தெரு பூரா அடிச்சிருக்கு. எதுத்த வீட்டுல, பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் வந்திருக்கு. ஆனா ஒருத்தரும் போய்ப் பாக்கல. ஏன்னு கேட்டதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? "ஜெயக்கொடி சன்னல்லதானே நிக்கும், அது பாத்துக்கும்னு இருந்துட்டோம்." எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. எத்தனையோ வருசமா அப்படித்தானே, அந்த அடுப்படியில பால் பொங்குனா இவதான் முதல்ல குரல் குடுப்பா. சன்னல் மாத்துனது அவங்களுக்கு எங்க தெரியும். அவங்க வாசல்ல இருந்து பாத்தா எங்க வீட்டு அடுப்படி தெரியாதுல்ல.

எங்க வீட்டுக்கு மட்டும் வாடை வரல. ஒரு பொட்டு வரல. முந்தி எல்லாம் அவங்க மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிச்சா நான் ஹால்ல தும்முவேன். கம்பெனிக்காரன் சொன்ன மாதிரியேதான் போட்டிருக்கான், குறை சொல்ல முடியாது.

பாங்கு சொல்ற நேரத்துக்கு சிக்கந்தரு வடை வாங்கிக்கிட்டு வந்து பாத்திருக்கான். அவன் சத்தம் கூட எங்களுக்குக் கேக்கல. பின் தெருவுல இருந்து ஒருத்தர் ஓடி வந்து நம்ம வாசக் கதவைத் தட்டித்தான் சொன்னாரு. ஜெயக்கொடி அடுப்பைக் கூட அணைக்காம ஓடுனா. நான்தான் அணைச்சேன். டாக்டர், ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாவே இருந்திருக்கு, அதுதான் காரணம்னாரு. இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா பேச்சாவது திரும்பியிருக்கும்னாரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, எல்லாத்துக்கும் சொல்லுவாங்க.

இப்ப அவங்களுக்கு வலது பக்கம் வராது. வாயும் வராது. வாயைத் தொறந்தா ஒரு சத்தம் வரும், அதுக்கு மேல இல்ல. ஆனா புத்தி தெளிவு. எல்லாம் புரியுது. கண்ணைப் பாத்தாலே தெரியும்.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்தவதான் தம்பி, அதுக்குப் பொறகு ஜெயக்கொடி எங்கிட்ட பேசல. கோவிச்சுக்கிட்டு இல்ல. சண்டை போட்டுட்டு இல்ல. சண்டைன்னா எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டுல எத்தனை பாத்திருக்கேன், கத்துவாங்க, பொறகு டீ குடிப்பாங்க. இது அது இல்ல. சமைக்கிறா, துணி துவைக்கிறா, மாத்திரையை எடுத்து வைக்கிறா. தட்டை வைக்கிற சத்தம் கேட்டா நான் சாப்பிட வரணும். சாப்பிட வாங்கன்னு சொல்ல மாட்டா. பிருந்தா வந்து அழுது பாத்தா. அவகிட்ட பேசுறா. போன்ல யாரும் கூப்பிட்டா பேசுறா. நான் உள்ள போனா வார்த்தை நின்னு போகுது. நான் எத்தனையோ விதமாக் கேட்டுட்டேன். நான் என்னடி பண்ணேன், தூசிக்குத்தானே போட்டேன், இப்படி ஆகும்னு எனக்குக் கனவா வந்துச்சுன்னு கேட்டேன். என்னைப் பாத்தா. தண்ணிச் செம்பைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சிட்டுப் போனா.

எனக்கு பயமா இருக்கு தம்பி. வெளிய சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். இந்த வீட்டுல எனக்கு பயமா இருக்கு.

சரி, சன்னல்தானே பிரச்சினைன்னு கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன். இதைத் தொறக்குற மாதிரி மாத்திக் குடுங்கன்னேன். இது அப்படி மாத்துற சட்டம் இல்ல சார், செவத்தை இடிச்சுத்தான் எடுக்கணும், டைல்ஸ் எல்லாம் போயிரும்னான். போகட்டும், இடின்னேன். ஆள் வந்துட்டாங்க, சுத்தியலும் உளியுமா வந்து நிக்கிறாங்க. இவ வந்து இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நின்னுக்கிட்டா. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. விலகுன்னு சொன்னேன், விலகல. அவங்க பாத்தாங்க, நாங்க இன்னொரு நாள் வர்றோம் சார்னு போயிட்டாங்க. வேணும்னு கேட்டதும் அவதான், இப்பத் தடுக்குறதும் அவதான். இதுக்கு நான் என்ன செய்யட்டும்? அந்தப் பக்கம் இப்ப யாரு இருக்கா, அந்த அடுப்புல யாரும் நிக்கிறது இல்ல, கட்டிலை முன் ரூம்ல போட்டிருக்காங்க. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் இடிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

தெனம் காலையில கஞ்சி, ரசம், எது இறங்குமோ அதைத் தூக்குச்சட்டியில ஊத்திக்கிட்டு தெருவைச் சுத்திப் போயிருவா. போயி அந்தம்மாவைத் துடைச்சு விட்டு, ஊட்டி விட்டு, தலை சீவி விட்டு, பக்கத்துல உக்காந்துக்குவா. உக்காந்து பேசுவா. நாள் பூரா பேசுறாளாம் தம்பி. சிக்கந்தரு சம்சாரம் சொல்லுச்சு, "ஜெயா அத்தை வாய் மூடுறதே இல்ல மாமா, பேசிக்கிட்டே இருக்காங்க, அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க"ன்னு. என்னம்மா பேசுறான்னு கேட்டேன். அதுக்குக் கைக்குழந்தை, அதுக்கெங்க நேரம், என்னமோ பேசுறாங்க மாமான்னுச்சு.

ரெண்டு மூணு தடவை நானே போனேன். உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கிற மாதிரி. வாசல்ல போகும்போதே குரல் கேக்குது. நல்ல குரல், பழைய குரல், நடுவுல சிரிப்பு கூட. படி ஏறுனேன், நின்னு போச்சு. என் நடை அவளுக்குத் தெரியும் போல. உள்ள போனா அந்தம்மா கட்டில்ல கெடக்காங்க, என்னைப் பாத்ததும் வராத கையை விட்டுட்டு வர்ற கையால முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க. வாயைத் தொறந்து என்னமோ சொல்ல வந்தாங்க. அண்ணேன்னுதான் சொல்ல வந்திருப்பாங்க. என்னால அங்க நிக்க முடியல தம்பி. நான் வெளிய வந்து தெரு திரும்புற வரைக்கும் உள்ள ஒரு சத்தம் இல்ல.

கேட்டீங்கள்ல, போடலாமா வேணாமான்னு. போடுங்க. நல்ல சாமான். மழை வராது, தூசி வராது, கரையான் கிட்ட வராது. உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லுங்க, தைரியமா போடச் சொல்லுங்க. கிளம்பிட்டீங்களா? வண்டியை எங்க நிப்பாட்டியிருக்கீங்க? பள்ளிவாசல் முக்குலயா?

அப்ப ஒரு உதவி செய்யுங்க தம்பி. பின் தெரு வழியா போங்க. பச்சைக் கேட்டு போட்ட வீடு, முன் ரூம் சன்னல் தெருவைப் பாத்து இருக்கும். அவங்க வீட்டுல இன்னும் பழைய மர சன்னல்தான், தொறந்தே கெடக்கும். கீழ வண்டியை நிப்பாட்டிட்டு போன்ல பேசுற மாதிரி கொஞ்ச நேரம் நில்லுங்க. உங்களை அவளுக்குத் தெரியாது, உங்க நடை அவளுக்குத் தெரியாது, அவ பேச்சு நிக்காது. என்ன பேசுறான்னு கேட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. என் நம்பர் கம்பெனிக்காரன் குடுத்திருப்பான்ல? என்னையத் திட்டுனா திட்டுறதையும் சொல்லுங்க. சங்கடப்பட்டுக்கிட்டு எதையும் குறைச்சிறாதீங்க. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம.